ஆர்லீனுக்குப் படைத்தது

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் பஸ்ஸை விட்டு இறங்கிய நிஷாந்தியின் ஒரு கையில் துணியில் சுற்றிய கத்திகள் இருந்தன. மறுகையில் மகள் அட்சயா. பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. வேலைக்குக் கூட்டிக்கொண்டு வராமல் வேறு என்ன செய்வது?

கிளடிஸ் அக்கா வாசலில் நின்றார். ஊரில் கொன்வென்ற்றில் படித்த கத்தோலிக்கப் பெண். வாய் கொஞ்சம் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. மாதம் ஒரு சனிக்கிழமை எட்டுப் பேரை மட்டும் கூப்பிட்டு, எங்கோ ஒரு நாட்டின் எந்தக் காலத்துச் சமையலையாவது சமைத்துக் கொடுத்து, அதைப் பற்றிக் கதையும் சொல்வது அவருடைய தொழில். இந்த முறை எழுபது வருசத்துக்கு முந்திய அமெரிக்கச் சாப்பாடு. சமையல் நிஷாந்தி, பேச்சு கிளடிஸ்.

"வாடி பிள்ளை. வீட்டை வந்து பார், அதிசயம். மனுசி ஒரு ஆணியும் மாத்தேல்லை."

மனுசி என்றது ஆர்லீனை. ஒஹாயோவில் இருந்து கல்யாணம் கட்டி வந்து, இந்தச் சின்னச் செங்கல் வீட்டில் வாழ்ந்து, இரண்டு வருசத்துக்கு முன்னர் தொண்ணூற்றி நாலாவது வயதில் இதே வீட்டில் செத்துப்போன கிழவி. வீடு இப்போது அவளுடைய மருமகன், தம்பியின் மகன் ஒருவன் பொறுப்பில் இருக்கிறது. ஒரு நாளைக்கு அவனிடம் கேட்டு வாங்கியிருந்தார் கிளடிஸ்.

குசினி முழுக்க வெளிறிய பச்சை நிறம். அலுமாரி பச்சை, அடுப்பு பச்சை, சுவர் மணிக்கூடும் பச்சை. பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி மணக்க வேண்டும். இங்கே மணத்தது வேறு. தலைமயிரைச் சுருட்டப் பூசும் பழைய லோஷன் போல ஒரு காரமான வாடை. அதற்கு அடியில் யாரோ இப்போதுதான் அணைத்ததுபோலச் சிகரெட் நெடி.

"ஹீற்றிங் போட்டால் போயிடும்," என்றார் கிளடிஸ்.

போகவில்லை.

நிஷாந்தி அட்சயாவை ஸ்ரூலில் தூக்கி இருத்தி, பையில் கொண்டுவந்த பாணில் ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினாள். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. ஐந்தரை வயது. தகப்பன் யசிந்தன் நித்திரையிலேயே நெஞ்சு நின்று போய் எட்டு மாதம். அன்றைக்கு மூடிய வாய் இது. ஒரு நாளைக்கு நாலு வாய், சில நாள் இரண்டு. கையைப் பிடித்தால் எலும்புதான் அகப்படும். வருகிற செவ்வாய்க்கிழமை நிறுக்கும்போது நிறை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவர் அமைதியாகத்தான் சொன்னார். நிஷாந்தி பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள்.

"ஐ ஆம் நொட் ஹங்றி அம்மா."

"சரி குஞ்சு. பேந்து பாப்பம்."

மேசையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஆர்லீன் கைப்பட எழுதிய சமையல் குறிப்பு அட்டைகள். நீல மை, சரிந்த எழுத்து. அன்றைய விருந்தே இந்தப் பெட்டியை வைத்துத்தான். நிஷாந்தி ஒவ்வொன்றாக வாசித்தாள். தேசிக்காய் ஜெலிக்குள் ரின்னில் அடைத்த மீனும் நறுக்கிய கோவா இலையும். மனுசர் மீனைக் கொண்டுபோய் ஜெலிக்குள் போடுவார்களா? நூடில்ஸோடு ரின் சூப்பை ஊற்றி, மேலே உருளைக்கிழங்குச் சிப்ஸை நொறுக்கித் தூவிப் பேக் பண்ணுவது. அவித்த முட்டையை வெட்டி மஞ்சள் கருவைப் பிசைந்து திருப்பி அடைப்பது. அதற்கு டெவில் முட்டை என்று பெயர். டெவில் என்று சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்கூட இல்லாத சாப்பாட்டை அவள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். கடைசியில் அன்னாசித் துண்டுகளை அடியில் அடுக்கிச் சுட்டுக் கவிழ்க்கும் கேக்.

முட்டை அட்டையைத் திருப்பியபோது பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

மார்ச் 4. பெகி இரண்டு கரண்டி.

மார்ச் 5. பெகி ஒரு கரண்டி. துப்பினாள்.

மற்ற அட்டைகளையும் திருப்பினாள். எல்லாவற்றிலும் இருந்தது. பெகிக்கு இன்று ஆறாவது பிறந்தநாள், கேக்கை நக்கிப் பார்த்தாள். பெகி அரைக் கரண்டி. பெகி வாய் திறக்கவில்லை. ஜெலி அட்டையின் பின்னால் ஏப்ரல் 19 என்று மட்டும் எழுதி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"அக்கா, உந்தப் பெகி ஆர்?"

"மகளாம். ஏதோ வருத்தம், சாப்பாடு இறங்கேல்லையாம். சின்னனிலேயே போட்டுது. பேந்து பிள்ளையே இல்லை. மருமகன்தான் சொன்னவன்."

நிஷாந்தி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய போனிலும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. டொக்டர் எழுதச் சொன்னது. திகதி, நேரம், எத்தனை வாய்.

அவள் சமைக்கத் தொடங்கினாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. நாலு மணியாகியும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை என்பது கேக்கைக் கவிழ்க்கும்போதுதான் உறைத்தது. உப்புப் பார்க்காமல் சமைப்பது செத்தவருக்குப் படைக்கிறபோது மட்டும்தான். யசிந்தனின் எட்டுக்கு அப்படித்தான் சமைத்தாள். செத்து எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து அறைக்குள் படைத்து, விளக்கைக் கொளுத்திக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். வந்தவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று. பிறகு ஒரு பங்கை அள்ளிக்கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துக் கழித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். ரொறன்ரோவில் சந்தியில் சோறு வைத்தால் குப்பை போட்டதென்று பிடிப்பார்கள். யசிந்தனின் பங்கைச் சித்தப்பா பிளாசாவின் கார் பார்க்கிங் மூலையில் வைத்துவிட்டுக் கள்ளனைப் போல ஓடி வந்தார்.

இது இன்னொரு செத்தவளின் வீடு. அவளுடைய அடுப்பு, அவள் எழுதிய கறி. அவளுக்கு ஒரு வாய் வைக்காமல் முன்பின் தெரியாத எட்டுப் பேருக்குப் பரிமாறுவதா? மனம் ஒப்பவில்லை.

கிளடிஸ் முன்பக்கத்தில் மேசை விரிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிஷாந்தி நாலு சாப்பாட்டிலும் முதல் பங்கை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அங்கே சின்ன மேசையும் பிள்ளைகள் உட்காரும் கதிரையும் சுவரோரம் கிடந்தன. தட்டை வைத்து மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

"ஆர்லீன் அம்மா, வந்து சாப்பிடுங்கோ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எட்டு மாதமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது வெளியே வந்துவிட்டது.

"என்ர பிள்ளையும் சாப்பிடுதில்லை அம்மா. உங்களுக்குத் தெரியும்தானே. அவளைச் சாப்பிட வையுங்கோ."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு சந்திக்குப் போகலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. முதல் இரண்டு பேர் அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்கள். "சுறுக்கா, சுறுக்கா" என்று கிளடிஸ் ஓடி வந்தார். தட்டு அறைக்குள்ளேயே கிடந்தது.

ஐந்து மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. எட்டுப் பேரும் மேசையில் இருந்தார்கள். கிளடிஸ் பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, உலகப்போர் முடிந்த காலத்து அமெரிக்கப் பெண்கள் ஏன் ஜெலிமேல் அப்படிப் பைத்தியமாக இருந்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார். சிரிப்பு எழுந்தது. பச்சை ஜெலிக்குள் மீன் தெரிந்ததைப் பார்த்து ஒரு பெண் கீச்சிட்டாள்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள்.

சிரிப்பு நின்றது.

கழுத்தில் வில்-ரை கட்டிய ஒரு கிழவர் மரியாதையாகக் கேட்டார், இது ஒரு சுவையும் இல்லாமல்தான் இருக்க வேண்டுமா என்று. பக்கத்தில் இருந்தவள் முட்டையைத் தட்டில் திருப்பி வைத்தாள். ஈரக் கடதாசியைச் சப்புவது போல இருக்கிறது என்று இன்னொருவன் சொன்னான். கேக்கை எடுத்தார்கள். அதிலும் இனிப்பு இல்லை.

கிளடிஸ் குசினிக்குள் வந்து கதவை மூடினார்.

"உப்புப் பாத்தனியே?"

"இல்லை அக்கா."

"என்னடி இது! ரேஸ்ரிங் வைக்கிறம், சமைச்சவள் ரேஸ்ற் பாக்கேல்லையோ!"

நிஷாந்தி கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டாள். இரண்டு கப் சீனி போட்ட கேக். ஒன்றும் இல்லை. உப்புக் குப்பியைக் கையில் தட்டி நக்கினாள். உப்புக் கரித்தது. நாக்கில் பிழை இல்லை. சாப்பாட்டில் இருந்ததை யாரோ முன்னரே எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிங்.

தட்டில் கரண்டி படுகிற சத்தம். முன்பக்கத்தில் இருந்து இல்லை.

டிங்.

நிஷாந்தி ஸ்ரூலைப் பார்த்தாள். அட்சயா இல்லை.

சாத்தியிருந்த அறைக் கதவுக்கு அடியால் லோஷன் வாடை வந்தது. கைபிடி ஐஸ்போலக் குளிர்ந்தது. திறந்தாள்.

மெழுகுதிரி அணைந்து புகைந்துகொண்டிருந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் மட்டும் ஜன்னலால் விழுந்தது. அட்சயா சின்னக் கதிரையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். அண்ணாந்து வாயைத் திறந்திருந்தாள்.

கரண்டி அவளுடைய உதட்டுக்கு நேரே நின்றது.

அதைப் பிடித்திருந்த கை இல்லை.

கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது. பிள்ளை மென்று விழுங்கினாள். தட்டில் ஒரு வாய்தான் மிச்சம். அட்சயா திரும்பித் தாயைப் பார்த்தாள். நாடியில் பச்சை ஜெலி.

"அம்மா, கதவைச் சாத்துங்கோ. அவக்குக் குளிருதாம்."

நிஷாந்தி பிள்ளையை வாரித் தூக்கினாள். பின்னால் கரண்டி தட்டில் பட்டது. எறியவில்லை, மெதுவாக வைத்த சத்தம்.

குசினி வெளிச்சத்தில் பிள்ளையின் கன்னம் சிவந்திருந்தது. "வயிறு நிறைஞ்சிட்டுது" என்று சொன்னாள். எட்டு மாதத்தில் நிஷாந்தி கேட்காத வசனம். கிளடிஸ் ஒன்றையும் காணவில்லை. ஆனால் அந்த வாடை பட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார்.

விருந்தாளிகள் கையைக்கூட அலம்பாமல் கிளம்பிப் போனார்கள். கிளடிஸ் பாத்திரங்களை அடுக்க, நிஷாந்தி பின்கதவடியில் நின்று கோணேஸ்வரி பெரியம்மாவுக்குப் போன் அடித்தாள். பெரியம்மா ஒஷாவாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை. யசிந்தனின் எட்டை முன்னின்று நடத்தியவர். பிரேக்கில் இருந்தவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"கூப்பிட்டனி, படைச்சனி. அனுப்பேல்லை. அப்பிடித்தானே?"

"ஓம் பெரியம்மா."

"வேற என்ன? ஏதும் கேட்டனியே?"

"பிள்ளையைச் சாப்பிட வையுங்கோ எண்டு..."

"அடி விசரி! செத்த ஆக்களிட்டை ஒண்டும் கேக்கக்கூடாதடி. குடுத்திட்டு அனுப்ப வேணும். கேட்டால் நிண்டிடுவினம். இப்பவே அந்தத் தட்டிலை மிச்சம் கிடக்கிறதை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போ. வைச்சிட்டுத் திரும்பிப் பாக்காமல் வா. பிள்ளையைக் கொண்டு போகாதை."

அட்சயாவைக் கிளடிஸ் அக்காவிடம் விட்டுவிட்டு, மிச்ச வாயை ஒரு ஃபொயில் தட்டில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆறு மணிதான். தெருவில் ஆட்கள் வேலையால் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் ரீவி ஓடியது.

மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது பின்னால் காலடி கேட்டது.

குதி உயர்ந்த பழைய சப்பாத்து. உறைந்த நடைபாதையில் டக், டக்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

நடந்தாள். அதுவும் நடந்தது. துரத்தவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்த ஆளின் நடை. விருந்துக்கு வந்தவரை வழியனுப்பக் கூட்டிப்போவது போலத்தான் இருந்தது. அந்தப் பணிவுதான் நிஷாந்தியை நடுங்க வைத்தது.

சந்தி வந்தது. பெற்றோல் செற், பஸ் தரிப்பு, நாலு பக்கமும் கார்கள். மூலையில் மின்கம்பத்தின் அடியில் வைக்கக் குனிந்தாள். தட்டு நிலத்தில் பட நாலு விரற்கடை இருக்கையில் கை நின்றது.

செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. அந்தக் குழாய். டொக்டர் படத்தில் காட்டியிருந்தார். மூக்கால் விட்டு, கன்னத்தில் பிளாஸ்ரர் ஒட்டி. பிள்ளை கத்தும்போது கையைக் காலைப் பிடிக்க வேண்டியது தாய்தான். அதையும் இழுத்துப் பிடுங்கிவிட்டு ஒருநாள் யசிந்தனைப்போல நித்திரையிலேயே... நிஷாந்தி அந்த நினைப்பை முடிக்கவில்லை.

வயிறு நிறைஞ்சிட்டுது.

சிக்னல் விளக்கு பச்சையாகிச் சிவப்பாகிப் பச்சையானது. குனிந்தபடியே நின்றாள். பின்னால் யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் லோஷன் மணம் கழுத்தடியில் இருந்தது. அவள் பயந்தாள். தன்னை நினைத்தும் பயந்தாள், ஏனென்றால் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தட்டோடு நிமிர்ந்தாள்.

"வாங்கோ," என்றாள்.

திரும்பினாள். நடைபாதையில் ஒருவரும் இல்லை. அவள் வந்த வழியே நடக்க, சப்பாத்துச் சத்தம் இந்த முறை அவளுக்குப் பக்கத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய பேஸ்மென்ற்றில் அட்சயா மூன்று நேரமும் சாப்பிட்டாள். நிஷாந்தி பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டு, தான் அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். திங்கட்கிழமையும் அப்படித்தான். சோறும் பருப்பும்தான் கொடுத்தாள். அது போதுமாக இருந்தது. அந்தப் பானையில் இருந்து தானும் ஒரு பிடி வாயில் வைத்துப் பார்த்தாள். பருப்பு மணக்கவில்லை, உப்புக் கரிக்கவில்லை. துப்பிவிட்டு முகத்தைக் கழுவினாள். வீட்டில் வேறு எதைச் சமைத்தாலும் அப்படித்தான் இருந்தது, தேத்தண்ணி மட்டும் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை தாதி தராசில் இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை இறக்கித் திரும்ப ஏற்றினாள். ஒரு கிலோ இருநூறு கிராம் கூடியிருந்தது. டொக்டர் சந்தோசத்தில் அட்சயாவுக்கு இரண்டு ஸ்ரிக்கர் கொடுத்தார். குழாய் வேண்டாம், எப்படி ஊட்டினீர்களோ அப்படியே ஊட்டுங்கள் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி நிஷாந்தியைப் பார்த்தார்.

"நீங்கள் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டிக் காட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது பிள்ளை அவளுடைய மடியில் பாரமாக இருந்தது. அந்தப் பாரம் அவ்வளவு இன்பமாக இருந்தது. செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை சொன்னாள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்குச் சோற்றைப் போட்டாள். அட்சயாவின் தட்டு. தனக்கும் ஒரு தட்டு, பிள்ளை பார்த்துப் பழகட்டும் என்று. மூன்று நாள் வெறும் தேத்தண்ணியில் நின்றவள் அடுப்படிக்குப் போகாமல் மேசையிலேயே இருந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கரண்டிச் சத்தம் கேட்டது. பிள்ளை மென்றாள், விழுங்கினாள், ஏப்பம் விட்டாள். கரண்டி தட்டில் படுத்தது.

பிறகு கதிரை இழுபட்டது.

பிள்ளையின் பக்கத்தில் இருந்து மேசையைச் சுற்றி, சீமெந்துத் தரையில் தேய்ந்து தேய்ந்து, நிஷாந்தியின் முழங்காலில் வந்து முட்டி நின்றது.

லோஷன் வாடை மூக்கை அடைத்தது. அவளுடைய தட்டில் கரண்டி சோற்றை வழிக்கும் சத்தம் கேட்டது. ஒரு குளிர்ந்த கை அவளுடைய நாடியைப் பிடித்து, முகத்தை நோகாமல் நிமிர்த்தியது.

"பயப்படாதேங்கோ அம்மா," என்றாள் அட்சயா. "வாயைத் திறந்தால் விடுவா."

நிஷாந்தி வாயைத் திறந்தாள்.